சீட்டும் சருகும் ஒரு வரியும்

விடுமுறைப் பயணத்தில் கைக்குக் கிடைத்த சீட்டு, விளம்பரத் தாள், உலர்ந்த இலை, நிழற்படம் ஆகியவற்றை ஒரு நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் அதைப் பற்றிய செய்தியை எழுதிவைக்கும் தொகுப்பை ஆங்கில வழக்கில் ஸ்கிராப்புக் என்பர். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த 'ஸ்கிராப் நோட்டு' இதன் ஒரு கிளையே. ஆயினும் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய படத்தாளிலிருந்து தலைவர்களையும் பழங்களையும் வெட்டி ஒட்டி மதிப்பெண் பெறும் அந்த வீட்டுப்பாடத்தில், ஒட்டுபவரின் சொந்த வாழ்க்கைக்கு இடமில்லை. குடும்ப விடுமுறைக்கான தொகுப்பு, இக்கட்டுரையில் 'ஒட்டேடு' என்று சுட்டப்படுவது, படங்கள் மட்டுமே உள்ள ஆல்பத்துக்கும் எழுத்து மட்டுமே உள்ள நாட்குறிப்புக்கும் நடுவில் நிற்பது. பொருளும் சொல்லும் ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று சான்றாக அமைவதே அதன் இலக்கணம்.

இந்த இரண்டு பாதிகளும் தமிழ் வீடுகளில் தனித்தனியே நெடுங்காலமாக இருந்துவந்தவையே. பட்டாசாலைச் சுவரில் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்துப் பதினைந்து நிழற்படங்களை நெருக்கி அடுக்கி மாட்டிவைப்பது தென்மாவட்டங்களில் பரவலான வழக்கம். திருமணக் கோலமும், பட்டாளத்து உடுப்பில் நிற்கும் மகனும், திருவிழா ஸ்டுடியோவின் வரைந்த திரைக்கு முன் விறைத்து நிற்கும் பிள்ளைகளும் அதில் அக்கம்பக்கமாக இருப்பர், ஆனால் யார் எவர் என்பது எங்கும் எழுதப்பட்டிராது. பெட்டிக்குள் இருக்கும் மொய் நோட்டும் வீட்டுக் கணக்கு நோட்டும் பெயரையும் ஊரையும் தேதியையும் தொகையையும் பிசகின்றிக் காட்டும், ஆனால் அவற்றில் முகம் இராது. சுவரில் இருப்பதையும் பெட்டியில் இருப்பதையும் ஒரே நோட்டில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஒட்டேடு எனக் கொண்டால், இது வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்னும் எண்ணம் பெரிதும் வலுவிழந்துவிடும்.

உதிரித் தாள்களுக்கும் மதிப்புண்டு என்பதைத் தமிழகம் உணர்ந்ததற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா ஒரு முதன்மையான காரணம். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த அவர், நூல்களோடும் இதழ்களோடும், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் போன்ற, படித்த கையோடு எறியப்படும் தாள்களையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அதை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. அச்சிட்ட நூலுக்கு எங்கேனும் மற்றொரு படி கிடைத்துவிடக்கூடும். துண்டறிக்கையோ எவராலும் பாதுகாக்கத் தக்கதாகக் கருதப்படாததனாலேயே அரிதாகிவிடுகிறது. அதே கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், உலகம் சுற்றியவர், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தவர் என்று பெயர்பெற்றாலும், தமிழ்நாட்டைப் பற்றிப் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் திரட்டி 1968-இல் நூலாக்கியதும் அவருடைய பணிகளுள் ஒன்றே. ஓர் ஊர் இருவருக்குச் சொந்த ஊராவது தற்செயல்தான் என்றாலும், உதிர்ந்துபோவதைப் பொறுக்கியெடுக்கும் குணம் இருவரிடமும் ஒன்றுபோல் இருந்தது குறிப்பிடத்தக்கது.

மேலைநாடுகளில் செய்தித்தாளும் வண்ண அச்சும் மலிந்த 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டேட்டு வழக்கம் வீடுகளில் வேரூன்றியது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், நனைத்தால் போதும், ஒட்டிக்கொள்ளும் என்னும்படி பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவப்பட்ட ஒட்டேட்டுக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார் என்பதைத் தவிர, அந்த வரலாற்றில் இங்குள்ள வாசகருக்கு அதிகம் தேவைப்படுவது இல்லை.

இங்குள்ள ஒட்டேட்டுக்கு எடுத்துக்காட்டாக ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெல்வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் சூழ அமைந்த வத்திராயிருப்பு, சுற்றுலா ஊர் என்று பெயர் பெற்றது அன்று. விடுமுறைக்கு அங்கு வருவோரில் பெரும்பாலோர் ஆச்சி வீட்டுக்கும் அப்பத்தா வீட்டுக்கும் வருபவர்கள். மதுரையிலிருந்து வருபவர் கிருஷ்ணன்கோவிலில் திரும்பியும், சென்னையிலிருந்து ரயிலில் வருபவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பேருந்து ஏறியும் ஊர் சேர்வர். இப்பகுதியில் பெரிதும் அறியப்பட்ட கதையும் இத்தகைய வருகை ஒன்றைப் பற்றியதே என்பது கருதத்தக்கது: வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் கோயில் கொண்டுள்ள நல்லதங்காள், பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். பிறந்த வீட்டுக்குப் பிள்ளைகளோடு வருவது இம்மண்ணில் எவ்வளவு கனமான செயலாகக் கருதப்பட்டது என்பதை அக்கதை காட்டும். மே மாத விடுமுறைக் கலகலப்பை அதற்கு எதிர்ப்பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ஊருக்கான ஒட்டேட்டில், புகழ்பெற்ற இடங்களின் படங்கள் மிகுதியாக இருக்க வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை எவரும் எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். அக்கோபுரத்தின் கீழ் அன்று காலை எந்தப் பிள்ளை எதற்காக அழுதது என்பது அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஆண்டாளின் கையில் சாத்துவதற்கு மாதுளம்பூவும் மரவள்ளி இலையும் கொண்டு நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் கிளியை ஒரு சிறுமி தன் கையால் வரைந்த படம், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், கடையில் வாங்கிய அட்டைப்படத்தைவிட அப்பக்கத்துக்குப் பொருந்தும். இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் எத்தனை வாங்கப்பட்டது, பிளவக்கல் அணையில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது, குற்றாலத்துக்குப் போனபோது அருவியில் நீர் விழுந்ததா, வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேர்ந்ததா என்பன போன்ற சிறு செய்திகளே ஆண்டுகள் செல்லச்செல்ல மதிப்பேறுபவை.

தேதியைக் குறிப்பதற்கு இப்பகுதியில் ஓர் எளிய வழி உண்டு. அண்டையில் உள்ள சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் செல்லும் தினசரி நாட்காட்டியின் அன்றைய தாளைக் கிழித்து, அந்நாளுக்குரிய பக்கத்தின் மூலையில் ஒட்டிவிட்டால், ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், இராகுகாலம் ஆகிய அனைத்தும் ஒரு சிறு தாளிலேயே கிடைத்துவிடுகின்றன. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி மலையேறும் குடும்பங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஆடி அமாவாசையை ஒட்டிப் பெருங்கூட்டம் திரளும் அம்மலையின் பயணங்களை, ஆங்கிலத் தேதியைவிடத் திதியைக் கொண்டே பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பர். கிழித்துக் குப்பையில் போவதற்கென்றே அச்சிடப்படும் ஒரு தாள் இவ்வளவு துல்லியமான ஆவணமாக அமைவது நாட்காட்டிக்காரர்களே எதிர்பாராத பயன்.

சீட்டுகளின் நிலை வேறு. இந்திய ரயில்வேயில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழங்கிய தடித்த அட்டைச் சீட்டு, இங்கிலாந்தின் தாமஸ் எட்மன்சன் வகுத்த முறையில், ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்டு, மை அச்சில் உருவானது. பழைய பெட்டிகளில் கிடக்கும் அத்தகைய சீட்டுகளில் ஊர்ப்பெயர் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. இன்று நடத்துநரின் கைக்கருவியிலிருந்து வரும் சீட்டு வெப்பத்தாள் என்னும் வகையைச் சேர்ந்தது. இத்தாளில் மை கிடையாது; தாளின் மேல் பூசப்பட்ட வேதிப்பொருள்கள் அச்சுமுனையின் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து கருமையாவதே எழுத்தாகத் தோன்றுகிறது. வெயிலும் வெப்பமும் நெகிழ்வூட்டிகள் கலந்த பிளாஸ்டிக் உறையும் அவ்வினையைக் குலைப்பதால், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட சீட்டே விரைவில் வெள்ளைத் தாளாகிவிடுவதும் உண்டு. எனவே ஊர் திரும்பிய சில நாள்களுக்குள் அதைச் சாதாரணத் தாளில் நகலெடுத்து, நகலை ஒட்டி, மூலத்தைப் பக்கத்தில் செருகிவைப்பது நன்று. செல்பேசியில் பதிவுசெய்த ரயில் பயணமோ ஒட்டுவதற்கு எதையும் விட்டுவைப்பதில்லை. பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும், கீழ்ப்படுக்கைக்காக யாரிடம் கெஞ்ச நேர்ந்தது என்பதையும் கையால் எழுதுவது ஒன்றே அதற்கு வழி.

தின்பண்டத் தாள்களில் எச்சரிக்கை தேவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் அட்டைப்பெட்டி இப்பகுதி ஒட்டேடுகளில் தவறாமல் இடம்பெறத் தக்கது என்றாலும், அதில் ஊறிய நெய் அடுத்த பக்கத்துக்கும் பரவும், எஞ்சிய இனிப்பு எறும்பை அழைக்கும். பெயர் அச்சிட்ட பகுதியை மட்டும் கறைபடாமல் வெட்டியெடுத்துக் காற்றாட உலர்த்திய பின் ஒட்டுவதே முறை. கறை நீங்காவிட்டால் படம்பிடித்து ஒட்டலாம்.

காட்டிலிருந்து எடுத்துவரும் பொருள்களுக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அது நிற்பதும் சரியே. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் ஏற்படுத்தப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயமும் மேகமலைப் பகுதியும் இணைந்து 2021-இல் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயின. சரணாலயத்துக்குள்ளிருந்து காட்டுயிரையோ காட்டு விளைபொருளையோ அனுமதியின்றி எடுத்துச்செல்வதை 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. நோட்டுக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று நம்பிய தலைமுறைகளுக்கு இது சற்றுக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் வெறுங்கையோடு திரும்பத் தேவையில்லை. நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் உருவம் எழுவதைப் பிள்ளைகள் அறிவர். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளை எழுத்தின் மேல் பதித்து மையொற்றி எடுக்கும் மைப்படியும் இதற்குத் தூரத்து உறவு. காட்டுக்குள் செல்லும் செண்பகத்தோப்புப் பாதையில் மரத்திலிருந்து இலையைப் பறிக்காமலேயே, அதன் அடியில் அட்டையையும் மேலே தாளையும் வைத்துத் தேய்த்து நரம்போட்டத்தை எடுத்துவிடலாம்.

வீட்டுத் தோட்டத்து இலைக்குத் தடையில்லை. மாவிலை, கொய்யா இலை போன்றவற்றைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்குழவி போன்ற கனமான பொருளை ஏற்றி, முதல் சில நாள்கள் தாளை மாற்றிக்கொண்டே வந்தால், ஓரிரு வாரங்களில் ஈரம் வற்றி ஒட்டத்தக்க பதம் வரும். தாள் மாற்றச் சோம்பினால் பூஞ்சை பிடிக்கும். அரச இலையைச் சில வாரம் நீரில் ஊறவிட்டு, சதைப்பகுதி அழுகியபின் மெல்லிய தூரிகையால் கழுவி நரம்புவலையை மட்டும் எடுப்பது பழைய பள்ளிக்கூட வித்தை. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அது இன்றும் கைகூடும்.

ஒட்டும் பசையும் நோட்டின் தாளும் ஒட்டேட்டின் ஆயுளை முடிவுசெய்கின்றன. மரக்கூழில் இயல்பாக உள்ள லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாத தாள், செய்தித்தாளைப் போல, ஒளியும் காற்றும் பட்டுப் பழுத்து நொறுங்கும். ஆகவே மலிவான பழுப்பு நிறச் சார்ட் அட்டையைவிட அமிலம் நீக்கிய தடித்த வெள்ளைத் தாள் சிறந்தது. டைரியும் நோட்டும் அச்சிடும் சிவகாசிக்கு அருகில் இருப்பவர்கள், அச்சகங்களையொட்டிய பைண்டரிடம் சொல்லியே இத்தகைய நோட்டைத் தைத்துக்கொள்ளலாம். அவ்வாறு தைக்கும்போது, முதுகுப் பக்கத்தில் அரை அங்குல அகலத் தாள்பட்டைகளை இடையிடையே சேர்த்துத் தைக்கச் சொல்வது இன்றியமையாதது; இல்லையேல் பொருள்கள் ஒட்டப்பட்டதும் நோட்டு வாய்பிளந்து, மூட முடியாத நிலைக்கு வந்துவிடும்.

பைண்டர்கள் மைதாவைக் காய்ச்சிப் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து பயன்படுத்தும் பசை, நூல்கட்டுக்கு நெடுநாள் உதவியதாயினும், அது நஞ்சு என்பதாலும் அமிலத்தன்மை உடையது என்பதாலும் பிள்ளைகளின் கைக்கும் நிழற்படங்களுக்கும் ஆகாது. துத்தம் கலக்காத மைதாப் பசை சீட்டுகளுக்குப் போதும், மெல்லிதாகத் தடவ வேண்டும் என்பதே நிபந்தனை; தடித்த பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகும். செல்லோடேப் எனப்படும் ஒட்டுநாடாவை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதிருப்பது நலம், ஏனெனில் அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிக் கறையாக நிலைத்துவிட, நாடா மட்டும் உதிர்ந்துவிடும். நிழற்படத்தை முழுதும் ஒட்டாமல், பழைய கறுப்புத்தாள் ஆல்பங்களில் இருந்ததுபோல் நான்கு மூலைகளுக்கும் முக்கோணத் தாள்பைகள் செய்து செருகினால், வேண்டும்போது எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்க முடியும். படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஓலைச்சுவடிக் கட்டுகளுக்கு வசம்பு வைத்த பழக்கத்தை இதற்கும் கொண்டுவரலாம். சிறு துணிமுடிச்சில் கட்டி அலமாரியில் வைத்தால் போதும், பக்கங்களுக்குள் தூவக் கூடாது.

பொருளை ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதாகப் பலர் கருதுகின்றனர். ஒட்டேடுகள் பயனற்றுப் போவதற்கு இதுவே பெருங்காரணம். 'அத்தையும் நானும், அணைக்கட்டில்' என்று எழுதப்பட்ட குறிப்பை முப்பது ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கு அதில் இருவரையுமே அடையாளம் தெரியாது. தமிழ் உறவுப்பெயர்கள் பார்ப்பவரின் இடத்தைப் பொறுத்து மாறுபவை; ஒரே பெண் ஒரு பிள்ளைக்கு அத்தை, மற்றொரு பிள்ளைக்குப் பெரியம்மா, வேறொருவருக்கு மதினி. எனவே உறவுமுறையோடு முழுப்பெயரும், யாருடைய மகள், எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர் என்பதும் சேர்ந்தாலன்றி அக்குறிப்பு நிறைவுறாது. வீட்டில் அனைவரும் அழைக்கும் பட்டப்பெயரையும் அருகில் எழுதுவது நல்லது, சிலருக்கு அதுவே மெய்யான பெயராகிவிட்டிருக்கும். ஊர்ப்பெயருக்கும் இதே கவனம் வேண்டும். பேச்சில் வத்ராப் என்றும் எழுத்தில் வத்திராயிருப்பு என்றும் வழங்கும் ஊரின் ஆங்கில முதலெழுத்தைத் தாங்கியே அருகிலுள்ள ஊர் ஒன்று டபிள்யூ. புதுப்பட்டி எனப்படுகிறது, தமிழகத்தில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், அந்த ஓரெழுத்து விடுபட்டால் படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பதே ஐயத்துக்கு இடமாகிவிடும்.

எழுதும் நேரம் அன்றைய இரவாக இருப்பது சிறந்தது. பயணம் முடிந்து ஒரு மாதம் கழித்து எழுதுபவர் 'மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது' என்று எழுதுவார். அன்றிரவே எழுதுபவர் தாணிப்பாறையில் சுக்குக் காப்பி என்ன விலை என்றும், யாருடைய செருப்பு அறுந்தது என்றும் எழுதுவார். விலைகளை எழுதிவைப்பது குறிப்பாகப் பரிந்துரைக்கத் தக்கது, ஏனெனில் பின்னாளில் பிள்ளைகள் முதலில் விரல்வைத்துப் படிக்கும் வரி அதுவாகவே இருக்கும். எழுத்தைப் பலரும் பகிர்ந்துகொள்வது மேலும் நல்லது. தாத்தாவின் கையெழுத்தில் உள்ள இரண்டு வரி, அவரைப் பற்றிப் பேரன் எழுதும் இரண்டு பக்கத்துக்கு ஈடாகும். எழுத இயலாதவர் சொல்வதை அவர் சொல்லும் நடையிலேயே எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் கீழே குறிக்கலாம். வழி தவறியது யாரால் என்பது போன்ற வழக்குகளில் இரு தரப்பும் தனித்தனியே எழுதட்டும். தீர்ப்புச் சொல்வது ஒட்டேட்டின் வேலையன்று.

படங்களையும் சில விதிகளோடு தேர்ந்தெடுக்க வேண்டும். செல்பேசியில் ஒரு நாளில் எடுக்கப்பட்ட இருநூறு படங்களில் நான்கைந்துக்கு மேல் அச்சிடுவது ஏட்டை மீண்டும் ஆல்பமாக்கிவிடும். வீட்டு மைப்பீச்சு அச்சுப்பொறியில் எடுத்தவை ஈரம் பட்டால் கசியக்கூடும் என்பதால், ஸ்டுடியோ லேபில் ஒளியுணர் தாளில் எடுப்பது பாதுகாப்பானது. பின்பக்கத்தில் எழுதுவதற்குப் பந்துமுனைப் பேனா ஆகாது, அதன் அழுத்தம் முன்பக்கத்தில் வடுவாகத் தெரியும். மென்மையான பென்சிலே போதும்.

யாரிடம் இருப்பது என்ற கேள்வி எப்போதும் கடைசியில்தான் எழும். பூர்வீக வீட்டில் இருப்பதே பொருத்தம் என்று தோன்றினாலும், ஆண்டில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் ஓட்டுவீட்டில் ஒழுகலும் கரையானும் எந்த ஏட்டையும் விட்டுவைப்பதில்லை. ஆள் புழங்கும் வீட்டில், தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாத அலமாரியில் இருப்பதே நல்லது. பக்கங்களைப் படம்பிடித்து உடன்பிறந்தார் அனைவருக்கும் அனுப்பிவிட்டால் பங்குத் தகராறும் தணியும். ஏட்டின் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு தாளுறையை ஒட்டி, அடையாளம் தெரியாதவர்கள் உள்ள பழைய படங்களை அதில் இட்டுவைத்து, ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துச் சென்றால், பெரியவர்களில் யாரேனும் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'இது நம்ம பெரியாத்தா வீட்டு மருமகள்லா' என்று ஒரு முகத்துக்குப் பெயர் சொல்வார். அந்தப் படம் உறையிலிருந்து பக்கத்துக்கு மாறும். சில படங்கள் உறையிலேயே தங்கிவிடும்.